கைக் கரப்பானும் கழுவிய நெய்யும்

என் மனைவிக்கு முழங்காலில் சிகிச்சை நடந்து, ஆறு மாத காலம் அவள் அடுப்படியில் நிற்கலாகாதென்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டபோது, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சமையலும் பத்துப் பாத்திரமும் என் பொறுப்புக்கு வந்தன. அதுகாறும் பேனாவையும் புத்தகத்தையும் தவிர வேறெதையும் அதிகமாகத் தொட்டறியாத என் கைகள், இரண்டாம் மாதம் முடிவதற்குள் வறண்டு, சிவந்து, விரல் நுனிகளில் வரிவரியாக வெடித்து, இரவில் உறக்கங் கொள்ளாதபடி அரிக்கத் தொடங்கின. நம் பக்கத்தில் கரப்பான் என்று சொல்லும் இந்த உபத்திரவத்தை அனுபவித்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. ரசஞ் சாதம் பிசைந்தால் புளியும் உப்பும் மிளகும் வெடிப்புக்குள் இறங்கிக் கண்ணில் நீரை வரவழைக்கும். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குக்கூட மகனை அழைக்க வேண்டியிருந்தது.

அந்த நிலையில் நான் செய்த முதற் காரியமே பிழையாயிற்று. தோலில் ஏதோ அசுத்தம் சேர்ந்திருக்கிறது, அதை அழித்துவிட்டால் நோய் நிவர்த்தியாகும் என்ற எண்ணத்தில், வேப்பிலையையும் பச்சை மஞ்சளையும் அரைத்து அப்பினேன். அது காய்ந்து இழுத்தபோது வெடிப்புகள் இன்னும் ஆழமாயின. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பைக் கலந்து தடவினேன். அன்றிரவு பட்ட வேதனையை இன்றைக்கும் மறக்கவில்லை. வேம்பையும் மஞ்சளையும் நான் குறை கூறவில்லை. முழுத் தோலுக்கு உகந்த பொருள்கள் பிளந்த தோலுக்கு உகந்தவையாக இருக்க வேண்டுமென்பதில்லை. மஞ்சளே சிலர் சரீரத்துக்கு ஒவ்வாமல் தடிப்பை உண்டாக்குவதும் உண்டு. நம் தோலின் மேற்படலம், செங்கற்களை அடுக்கி இடையே கொழுப்பாலான சாந்தைப் பூசிய சுவரைப் போன்றது. இயல்பில் அது சற்றே புளிப்புத் தன்மையுள்ளது. பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் நாளுக்குப் பலமுறை அந்தச் சாந்தைக் கரைத்தெடுத்துவிட, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, வெளியிலிருக்கும் காரமும் உறைப்பும் உள்ளே புகுகின்றன. இடிந்த சுவரில் மேலும் உறைப்பானதை ஊற்றியதே நான் செய்த வைத்தியம்.

இதைக் கண்டு என் சிற்றன்னையார், "ஏண்டா, புண்ணாய்க் கிடக்கிற இடத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிவாருண்டோ?" என்று கடிந்துகொண்டு, தம் தாயார் செய்துவந்த கழுவிய நெய்யைச் செய்து தருவதாகச் சொன்னார். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம், அதாவது நூறு முறை கழுவிய நெய், என்று பெயர் பெற்ற ஔஷதம் அது. அகன்ற செப்புத் தாம்பாளத்தில் கால் படி பசுநெய்யை இட்டு, அது முழுகுமளவு குளிர்ந்த நீரை ஊற்றி, ஒரு சிறு செப்புச் செம்பின் அடிப்பாகத்தால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். சில நிமிஷங்களில் நீர் கலங்கும். அதை வடித்துவிட்டுப் புது நீர் ஊற்றி மறுபடியும் தேய்க்க வேண்டும். இவ்வாறு நூறு முறை. காலையில் தொடங்கிய வேலை, இடையிடையே ஓய்வு கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது. எண்ணிக்கை தவறாமலிருக்கச் சிற்றன்னையார் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தனியே எடுத்து வைத்தார். முப்பது முறைக்குள் மஞ்சள் நிறம் மங்கியது. பாதியைத் தாண்டியபோது நெய்யின் மணம் அநேகமாக அகன்றது. முடிவில் தாம்பாளத்தில் நின்றது, வெண்ணெயினும் வெளுத்து, தொட்டால் குளிர்ந்து, தடவிய இடத்தில் பிசுக்கின்றிப் படியும் ஒரு பசை. நீரை உட்கொண்டிருப்பதால் அது நெடுநாள் கெடாதிருக்காது. ஆகவே சிறிதளவே செய்து, குளிர்ந்த இடத்தில் மூடிவைத்து, மணம் மாறினால் எறிந்துவிட வேண்டும். கைப்புண் உள்ளவர் தாமே தேய்க்க முற்படாமல் பிறரைத் தேய்க்கச் சொல்வதே நலம்.

எல்லோருக்கும் ஒரு முழுநாளைச் செலவிட இயலாதென்பதை அறிவேன். அதற்காகப் பின்னாளில் நானே செய்துகொண்ட எளிய களிம்பு ஒன்றுண்டு: ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு தேங்காயெண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்த கிண்ணத்தில் மெழுகை உருக்கி, எண்ணெயைச் சேர்த்து, இறக்கி ஆறவிட்டால் போதும். தேங்காயெண்ணெய் நம் ஊர் வெயிலில் நீராக ஓடிவிடும். மெழுகு அதைக் கையில் நிறுத்துகிறது. வாசனைத் தைலம் எதையும் இதில் சேர்க்கலாகாது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைத் தளர்த்துவன என்பதால் அவற்றை நான் நாடவில்லை. கழுவிய நெய்க்கும் இந்தக் களிம்புக்கும் வசதியற்றவர்கள் மணமில்லாத சாதாரண வாஸ்லினை வாங்கிக்கொண்டால் எவ்விதக் குறையுமில்லை. ஈரத்தை உள்ளே காப்பதில் அதற்கு ஈடானவை சிலவே.

எதைப் பூசுகிறோம் என்பதைக் காட்டிலும் எப்பொழுது பூசுகிறோம் என்பதில் பலன் அதிகம் என்பது என் அபிப்பிராயம். வறண்ட கையில் பூசினால் வறட்சியைத்தான் மூடிவைக்கிறோம். இரவு உணவுக்குப்பின் கைகளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் வைத்திருந்து, துணியால் ஒற்றி, ஈரம் முற்றும் உலர்வதற்குள் கழுவிய நெய்யைத் தாராளமாகப் பூசி, பழைய பருத்திப் பனியனை வெட்டித் தைத்த உறைகளை அணிந்து உறங்கினேன். பகலில் கை கழுவும்போதெல்லாம் ஒரு சிறு பூச்சு. மோதிரத்தைக் கழற்றி வைத்தேன், அதனடியில் சோப்பு தங்கிவிடுமாதலால்.

மூன்று வாரங்களில் வலக்கை ஏறக்குறைய ஆறிற்று. புறங்கைகளின் சிவப்பும் மறைந்தது. ஆனால் இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகள் மட்டும் எதற்கும் இணங்கவில்லை. மூடியது மறுநாளே வெடித்தது. நெய்யின் பக்குவத்தில் பிழையோ என்று சந்தேகித்து மறுபடியும் செய்வித்தேன், பயனில்லை. கடைசியில் தோல் வைத்தியரிடம் போனபோது அவர் விரல்களை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, "பூண்டை எந்தக் கையால் பிடித்துக்கொண்டு நறுக்குகிறீர்கள்?" என்று கேட்டார். வலக்கையில் கத்தியும் இடக்கையின் அம்மூன்று விரல்களில் பூண்டுமாக நான் நாள்தோறும் நிற்கும் கோலம் அப்பொழுதுதான் என் கண்ணில் பட்டது. முதுகில் சிறு ஒட்டுகளை வைத்து, இரண்டு நாள் கழித்துப் பரிசோதித்து, பூண்டே காரணமென்று அவர் உறுதி செய்தார். பூண்டிலுள்ள கந்தகச் சத்து கையுறைகளில் பெரும்பாலானவற்றையும் ஊடுருவும் என்பதால் தொடாதிருத்தலே உபாயம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு ஒன்றும் கொடுத்தார். வீட்டு மருந்தில் நம்பிக்கையுள்ளவன் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. வைத்தியர் குறித்த அளவிலும் காலத்திலும் அதைப் பயன்படுத்தியது என் நெய்க்கும் துணையாயிற்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீர் வடிகிற, சீழ் பிடித்த, சூடாக வீங்கிய கையில் நெய்யையோ எண்ணெயையோ அப்பிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து; அது அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டிய கை. ஒரே உள்ளங்கையில் மாத்திரம் செதில் செதிலாக உரிந்து, பாதங்களிலும் அவ்வாறே இருந்தால், அது கரப்பானாக இல்லாமல் படர்தாமரை வகையாக இருக்கக்கூடும். அதன்மேல் கடையில் தாமாகவே வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் நோய் உருமாறிப் பரவும்.

இப்பொழுது என் மனைவி நன்றாக நடக்கிறாள். சமையலை இருவருமாகப் பகிர்ந்துகொண்டோம். பூண்டு உரிப்பதும் நறுக்குவதும் அவளுடையன, பாத்திரம் துலக்குவது பருத்தி உள்ளுறையும் ரப்பர் உறையுமாக என்னுடையது. மார்கழிப் பனியில் நடுவிரலின் நுனியில் மட்டும் மெல்லியதொரு கீறல் தோன்றும். அப்பொழுது பரணிலிருந்து செப்புத் தாம்பாளத்தை இறக்குவோம். சிற்றன்னையாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, ஆயினும் புளியங்கொட்டைகளை எண்ணி வைப்பது இன்றும் அவரே.