கொழுப்பு மாத்திரையா, மூலிகைப் பொடியா: எங்கள் வீட்டுக் கணக்கு

"கொழுப்பு மாத்திரைன்னா ஆயுசு பூராவும் திங்கணும். பொடின்னா ரெண்டு மாசத்துல விட்டுரலாம்." எங்கள் ஊர் குருவிகுளத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கெட்ட கொழுப்பு 160 என்று ரிசல்ட் வந்ததும் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பேச்சு வந்தது. மருந்துச் செலவு என் பொறுப்பு. இரண்டையும் எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தேன்.

டாக்டர் எழுதியது அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம். மெடிக்கலில் கம்பெனி மாத்திரை ஒன்று ஐந்தாறு ரூபாய். மக்கள் மருந்தகத்தில் ஓரிரு ரூபாய்தான். அரசு ஆஸ்பத்திரியில் காசே இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைக் காட்டி, "அண்ணாச்சி, இதே மருந்து விலை கம்மியா இருக்கா?" என்று கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன பொடியோ ஒரு மாதத்து டப்பாவே எழுநூறு ரூபாய்.

அந்தக் காசுக்கு எவ்வளவு கொழுப்பு இறங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாத்திரை கெட்ட கொழுப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இறக்கும். 160 நூறை ஒட்டி வந்துவிடும். 2022இல் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாடின் 5 மில்லிகிராம் 28 நாளில் சுமார் 38 சதவீதம் இறக்கியது. அதே ஆய்வில், கடையில் விற்கும் பூண்டு, மஞ்சள், பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளில் ஒன்றுகூட மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. நம் நாட்டுக் குக்குலுவை 2003இல் அமெரிக்காவில் சோதித்தபோது கெட்ட கொழுப்பு சற்று ஏறவே செய்தது.

"இங்கிலீஷ் மருந்து சூடு" என்று அப்பா தயங்கினார். இந்த வகை மருந்தை 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ முதலில் எடுத்ததே ஒரு பூஞ்சையிலிருந்துதான் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் வேலை செய்வதும் லோவாஸ்டாடின் என்கிற அதே வகை மருந்துதான். டப்பாவுக்கு டப்பா அளவு மாறும் என்பதே என் பயம்.

உண்மையில் எங்களுக்குச் செலவு கூடியது எண்ணெயில். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி கெட்டிக் கொழுப்பு. கடலை எண்ணெய் அதைப்போலப் பல மடங்கு விலை. அதனால் பொரிப்பதைக் குறைத்து, கொஞ்சமாக ஊற்றுகிறோம். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் அடிக்கடி வேகின்றன. நார்ச்சத்து கொழுப்பை ஓரளவு இறக்கும். ஆனால் மாத்திரை இறக்குகிற அளவுக்கு வராது. இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

எண் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். காரணமில்லாமல் உடம்புச் சதை வலித்தாலோ, மூத்திரம் கறுத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொடி எதையாவது கூடவே சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.