மண் தந்த மருந்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூலக்கொத்தளம், ராயபுரம் பக்கம் மழைநீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வரும். அதற்கு மருத்துவர் எழுதித்தரும் டாக்சிசைக்ளினின் பூர்வீகம் மண். அந்த மண்ணைப் பற்றிய சில தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: ஆன்டிபயாடிக் எல்லாம் ஆலையில் பிறந்த ரசாயனம்.

உண்மை: சில முழுக்கச் செயற்கையானவை. ஆனால் மிகப் பலவற்றின் மூலம் மண் நுண்ணுயிரிகள். மழை விழுந்ததும் மண்வாசனை எழக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் அவற்றில் முதன்மையானவை. டாக்சிசைக்ளின் குடும்பத்தில் முதலில் வந்த ஆரியோமைசினை பெஞ்சமின் டக்கர் 1948இல் அறிவித்தார். அது கிடைத்தது மிசௌரி பல்கலைக்கழகத்தின் பயிர்ச்சோதனை வயல் மண்ணில். டக்கர் பணியாற்றிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

நம்பிக்கை: மண்ணில் தேடவேண்டியதெல்லாம் தேடியாயிற்று.

உண்மை: மண் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே ஆய்வகத் தட்டில் எளிதாக வளரும். மற்றவற்றை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் சிறு கருவியால் கிடைத்தது டெய்க்சோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக். 2015இல் செய்தி வெளியானது. மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை.

நம்பிக்கை: மண்ணிலேயே மருந்து இருப்பதால் காயத்தில் மண் அப்பலாம்.

உண்மை: கூடவே கூடாது. ரணஜன்னிக் கிருமியும் அதே மண்ணில்தான் இருக்கிறது. பாக்டீரியா சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, சுத்திகரித்து, அளவு கண்டால்தான் அது மருந்தாகும். துறைமுகத்திலோ பட்டறையிலோ தகரம் கீறினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள்.

நம்பிக்கை: பழைய மருந்து கேட்காவிட்டால் புதியது வந்துவிடும்.

உண்மை: மருந்தை எதிர்க்கும் திறன் நுண்ணுயிரிகளுக்குப் புதிதல்ல. கனடாவில் 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பது 2011இல் தெரியவந்தது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அந்தத் திறன் கொண்ட கிருமிகளே பிழைத்துப் பெருகும். மருந்துச்சீட்டில்லாத விற்பனைக்குக் கடிவாளம் வேண்டுமென்று 2012இலேயே மருத்துவ அமைப்புகளின் சென்னைப் பிரகடனம் வலியுறுத்தியது. சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினுக்கும் மூலம் ஒரு மண் பாக்டீரியாவே. இருமல் நின்றதும் அதை நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். அதற்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை கடினம். மாற்று மருந்துகளும் குறைவு.