முப்பது வயசுல ஸ்ட்ரோக்கா? இளம் பெண்களும் ரத்தம் உறையும் தன்மையும்

"இந்த வயசுல ஸ்ட்ரோக்கா? தூக்கம் பத்தலை, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்." முப்பது வயதுப் பெண்ணின் கையிலிருந்து டம்ளர் நழுவி, பேச்சு குழறும்போது பல வீடுகளில் முதலில் வரும் வார்த்தை இதுதான். நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால் "கேஸ்" என்று சோடா வாங்கி வருகிறோம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, அப்புறம் எப்படி வரும்? கேள்வி நியாயமானதுதான். பதில்களில் ஒன்று ரத்தத்திலேயே இருக்கிறது.

காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். ஆனால் சிலருக்குக் காயமே இல்லாதபோதும் ரத்தக் குழாய்க்குள் கட்டி உருவாகிறது. அது மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம், இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு. இதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். நோய் எதிர்ப்பு சக்தி வழிதவறி நம் உடம்பையே தாக்குவதால் வருவது. லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் இதை விவரித்தார். இதில் பார்க்கப்படும் எதிர்ப்பொருள்களில் ஒன்று லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். பெயரைப் பார்த்தால் ரத்தத்தை உறைய விடாதது போலத் தோன்றும். பரிசோதனைக் குழாயில் அப்படித்தான் நடக்கிறது, உடம்புக்குள் நேர்மாறு. ரிப்போர்ட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நெதர்லாந்தில் 50 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தது. மாரடைப்பு வந்தவர்களில் 3 சதவீதம். இரண்டும் வராதவர்களில் 1 சதவீதம்கூட இல்லை. கருத்தடை மாத்திரையோ புகைப்பழக்கமோ சேர்ந்தபோது ஆபத்து இன்னும் ஏறியது. அதற்காக மாத்திரை சாப்பிடும் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. இளம் வயதில் பக்கவாதம் அரிது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும்? முன்பு காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், லூபஸ் நோய் உள்ளவர்கள், திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் மறைக்கிறோம். "தோஷம்", "ராசி" என்று வீட்டுக்குள் பேசி மூடிவிட்டு, டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. அவர் இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான துப்பே அதுதான்.

அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாலா-என் போன்ற மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது; காப்பர்-டி போன்ற வேறு வழிகள் இருக்கின்றன, கேளுங்கள். கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குவதும் இவர்களுக்கு ஆபத்து. தோழிக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் கவனம் வேண்டிய காலம். அப்போது எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் உறையும் தன்மை கூடுதல். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சில வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். உடம்பு வறண்டால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் "சீதளம்" என்று பத்துப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பரிசோதனை ரத்தத்தில்தான். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் முடிவாகிவிடாது. காய்ச்சல், தொற்று இருந்தாலும் தற்காலிகமாக வரலாம். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உறுதியானால் ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வார்ஃபரின் மாத்திரை. கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கருவைப் பாதிக்கும்; பதிலாக ஹெப்பாரின் ஊசி தருவார்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். மாரடைப்பு வேறு கதை. பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில சமயம் அது இல்லாமலேகூட, தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குதல், வாந்தி வரலாம். இதற்கான முதல் டோஸ் மாத்திரைகள் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கின்றன. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் இன்னொரு வேலை. போன் செட்டிங்ஸில் அவசரத் தகவல் பகுதியில் மாத்திரையின் பெயரை எழுதி, லாக் ஸ்கிரீனில் தெரியும்படி வையுங்கள். பூட்டைத் திறக்காமலே ஆம்புலன்ஸில் இருப்பவர் படித்துவிடலாம். கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அந்த ஒரு வரி வேண்டும்.