எண்ணும் வண்ணமும்

நுழையும்முன்

கைப்பேசியால் நாள்தோறும் படம் எடுக்கிறோம். எடுத்த படத்தின் நிறத்தைக் கணினி எவ்வாறு மாற்றுகிறது? நாம் எதுவரை மாற்றலாம்? இவ்விரண்டையும் இப்பாடத்தில் அறிவோம்.

நிறத்தின் எண்கள்

மாணவர்களே, கணினித் திரையில் ஒரு படத்தைப் பன்மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். சிறுசிறு சதுரங்கள் தோன்றும். அவற்றைப் படப்புள்ளிகள் என்பர். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் காட்டும் மூன்று எண்களாகக் கணினி சேமிக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 எனில் கருமை. மூன்றும் 255 எனில் வெண்மை. சிவப்பும் பச்சையும் 255 ஆகவும், நீலம் 0 ஆகவும் இருப்பின் மஞ்சள் தோன்றும். இம்முறையால் 1,67,77,216 நிறங்களைக் குறிக்க இயலும். இவ்வெண்களை மாற்றினால் நிறமும் மாறும்.

தாவணியின் நிறம் மாற்றுவோம்

ஜிம்ப் என்பது கட்டணமின்றிக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருள். அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் அதனை உருவாக்கத் தொடங்கினர்.

பொங்கலன்று மஞ்சள் தாவணி அணிந்து, பித்தளைப் பானையின் அருகில் அக்கா நிற்கும் படம் உங்களிடம் உள்ளதாகக் கொள்வோம். அத்தாவணியைப் பச்சையாக்கும் முறை வருமாறு:

1. படத்தை வேறு பெயரில் படியெடுத்துக்கொள்க. மூலப்படம் மாறாதிருக்கட்டும்.
2. தெரிவுக் கருவியால் தாவணியின் ஓரத்தைச் சுற்றிக் கோடிடுக. இதனைச் செய்யாவிடில் பானையும் பச்சையாகிவிடும்.
3. 'கலர்ஸ்' பட்டியில் 'ஹியூ–சாச்சுரேஷன்' கட்டளையைத் திறந்து, நிறச்சாயலில் 60 கூட்டுக.

ஏன் 60? நிறங்களைக் கணினி ஒரு வட்டமாக அடுக்குகிறது. அதில் சிவப்பு 0 பாகையிலும், மஞ்சள் 60 பாகையிலும், பச்சை 120 பாகையிலும், நீலம் 240 பாகையிலும் உள்ளன. மஞ்சளிலிருந்து பச்சையை அடைய 60 பாகை நகர வேண்டும்.

தாவணியின் மடிப்புகளில் நிழல் இருக்கும். பச்சை வண்ணத்தை அதன்மேல் பூசினால் மடிப்புகள் மறைந்து, துணி தட்டையாகத் தோன்றும். நிறச்சாயலை மட்டும் நகர்த்தும்போது வெளிச்சமும் நிழலும் பெரும்பாலும் அவ்வாறே நிற்கும். ஆதலின் துணி இயல்பாகத் தோன்றுகிறது.

மாற்றமும் வாய்மையும்

மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தில் வெண்ணிறச் சட்டையும் மஞ்சளாகத் தெரியும். நீலத்தின் அளவை உயர்த்தினால், நாம் கண்ட வெண்மை மீளும். இது திருத்தம். தாவணியை விளையாட்டாகப் பச்சையாக்குவது கற்பனை. பார்ப்பவரை ஏமாற்றும் நோக்குடன் மாற்றுவது பொய்.

1994 சூன் மாதத்தில், கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் படத்தை அமெரிக்காவின் டைம் இதழ் மிகவும் இருளாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் நியூஸ்வீக் இதழ் அப்படத்தை இருளாக்காமல் வெளியிட்டது. இரண்டையும் கண்டோர், கருமையைக் குற்றத்தின் அடையாளமாக்குவதா எனக் கடிந்தனர். டைம் இதழின் ஆசிரியர் வாசகருக்கு விளக்கம் எழுத நேர்ந்தது.

அட்டைப்படத்தில் முகத்தை இருளாக்கினர். இன்றோ பல கைப்பேசிச் செயலிகள் முகத்தை வெளுப்பாக்குகின்றன. கருநிறம் தாழ்ந்தது என்னும் தவறான எண்ணமே இரண்டிற்கும் அடிப்படை. விளக்கொளியின் குறையைத் திருத்துங்கள். தாயும் தந்தையும் தந்த மேனி நிறத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

சொல்லும் பொருளும்

படி – நகல்
மூலப்படம் – முதலில் எடுத்த படம்
நிறச்சாயல் – ஒரு நிறத்தைப் பிற நிறத்திலிருந்து வேறுபடுத்தும் தன்மை
வாய்மை – உண்மை

மதிப்பீடு

1. தாவணியைச் சுற்றிக் கோடிடுவது ஏன்?
2. 255, 255, 0 என்னும் நிறத்தின் சாயலில் 60 பாகை கூட்டினால் கிடைக்கும் மூன்று எண்கள் யாவை?
3. திருத்தம், கற்பனை, பொய் ஆகியவற்றிற்குச் சொந்த எடுத்துக்காட்டு ஒவ்வொன்று தருக.
4. "முகத்தைச் சற்று வெளுப்பாக்கித் தரட்டுமா?" என ஒளிப்பட நிலையத்தார் கேட்கிறார். உமது விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.