பைக்குப் பெயர் வைப்போம்: ஸ்டிக்கர் ஸ்டென்சில் பாடம்



தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. நம் குழுக்கள் பல துணிப்பை தைக்கின்றன. வெறும் பையை எல்லோரும் விற்கிறார்கள். அதிலேயே வளைகாப்பு, காதுகுத்துக்குப் பெயர் போட்டுக் கொடுத்தால்? அதைத்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம்.

தேவையானவை: வண்டி நம்பர் பிளேட் எழுதும் கடையில் கிடைக்கும் வினைல் ஸ்டிக்கர் ஷீட், கட்டர், கார்பன் பேப்பர், மாஸ்கிங் டேப், குண்டூசி, ஸ்பாஞ்ச், துணிக்குப் போடும் ஃபேப்ரிக் கலர், அட்டை.

செய்முறை:

1. பையை அலசிக் கஞ்சியைப் போக்கி, காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி இருந்தால் கலர் நூலில் இறங்காது.

2. பெயரைத் தாளில் எழுதி, ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பை நம் தலையில்தான்.

3. கார்பன் வைத்து ஸ்டிக்கர் மேல் வரைந்து வெட்டுங்கள். மேலே உள்ள ஸ்டிக்கர் மட்டும் அறுபட வேண்டும், அடித்தாள் அறுபடக் கூடாது.

4. கலர் விழ வேண்டிய இடத்தைக் குண்டூசியால் உரித்து எடுங்கள். க, ண, ன போன்ற எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டை எடுக்காதீர்கள். அட்டை ஸ்டென்சிலில் அது கழன்று விழுந்துவிடும். ஸ்டிக்கரில் ஒட்டி நிற்கும், அதனால் எழுத்து முழுசாக வரும்.

5. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்போடு ஸ்டிக்கரைத் தூக்கிப் பையில் ஒட்டுங்கள். ஸ்பூனின் முதுகால் ஓரமெல்லாம் நன்றாக அழுத்தித் தேய்த்த பிறகு டேப்பை மட்டும் உரியுங்கள்.

6. பைக்குள் அட்டை வையுங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாகக் கலர் தொட்டு, மேலிருந்து ஒற்றி எடுங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம், இழுத்துத் தேய்க்கவும் வேண்டாம். இரண்டும் செய்தால் கலர் ஓரத்துக்கு அடியில் கசியும்.

7. ஈரம் இருக்கும்போதே ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு பையைப் புரட்டி, உள்பக்கமாக இஸ்திரி போட்டால் கலர் பிடிக்கும்.

ஒரு ஸ்டிக்கர் இரண்டு மூன்று பைக்குத்தான் வரும். துணித் தூசு ஒட்டிப் பசை போய்விடும். எனவே பத்துப் பை வரை உள்ள ஆர்டருக்கு இது ஏற்றது. நூறு பை கேட்டால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி.

இப்போது கணக்கு. உதாரணமாக, பத்துப் பைக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஒரு பைக்குத் துணியும் தையலும் 30 ரூபாய், ஸ்டிக்கரும் கலரும் 8 ரூபாய், ஆக 38 ரூபாய். தெரிந்தவர்தானே என்று 50 ரூபாய்க்குக் கொடுத்தால், பைக்கு 12 ரூபாய் மிஞ்சும். ஐந்து மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 120 ரூபாய்! மணிக்கு 50 ரூபாயாவது வேண்டுமென்றால் பை 63 ரூபாய்க்குப் போக வேண்டும்.

துணிக்கும் கலருக்கும் கணக்கு எழுதுகிறோம். நம் கை உழைப்பை மட்டும் 'சும்மா வீட்டில் இருந்த நேரம்தானே' என்று விட்டுவிடுகிறோம். அதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதுவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பழைய துணியில் செய்து பாருங்கள். ஆன நேரத்தைக் குறித்து, உங்கள் குழுவின் விலையை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.