வீட்டிலேயே சிகார் அறை அமைக்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் எனக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது. அதில் சின்ன படுக்கையறையை சிகார்களைப் பக்குவமாக வைக்கும் ஹியூமிடர் அறையாக மாற்றப் போகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வரும்போதெல்லாம் சிகார் கொண்டுவருவார். நண்பர்கள் சிலர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். அசோசியேஷன் செயலாளரோ, "வீட்டில் புகையிலை வைப்பதே சட்டவிரோதம்" என்கிறார். உண்மையா?

- அம்பத்தூர் வாசகர்

பதில்: செயலாளர் சொல்வது சரியல்ல. சொந்த உபயோகத்துக்காகச் சிகாரோ உறையூர் சுருட்டோ வீட்டில் வைத்திருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் சுவர் விஷயத்திலும் விற்பனை விஷயத்திலும் நீங்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

முதலில் சுவர். உள்ளே பலகை அடிப்பது, கதவை மாற்றுவது போன்ற வேலைகளுக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. சுவரை இடிப்பதோ வெட்டுவதோ வேறு விஷயம். ஆவடி, பூந்தமல்லி பக்கம் எழும் புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய அச்சு வைத்து வார்த்த கான்கிரீட் சுவர்களே கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. உங்கள் கட்டடமும் அந்த வகையாக இருந்தால், ஏசி குழாய்க்குத் துளை போடக்கூட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. அங்கே அவுட்டோர் யூனிட் மாட்ட அசோசியேஷனின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சிகார் அறையில் ஈரப்பதம் சுமார் 65 முதல் 70 சதவீதம் வரை ஆண்டு முழுக்க நிற்க வேண்டும். பலகைக்குப் பின்னால் ஈரம் புகாத தடுப்பு இல்லையென்றால் சுவர் ஓதம் காத்து, பக்கத்து வீட்டுப் பூச்சு உப்பி உதிரும். அவர் உரிமையியல் நீதிமன்றம் போனால் இழப்பீடும் தடையுத்தரவும் கேட்கலாம். வேலை தொடங்குமுன் இருபக்கச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் அந்தப் படம் பெரிய சாட்சி.

அண்ணன் விஷயம் எளிது. சிகரெட்டோ வேறு புகையிலையோ சேர்த்துக் கொண்டுவராத பயணிக்கு, வரியில்லாத அளவு 25 சிகார்கள். அதற்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவித்து, வரி கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

நண்பர்களிடம் காசு வாங்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் சிகாரும் இருக்கிறது, சுருட்டும் இருக்கிறது. அண்ணன் கொண்டுவரும் பெட்டியில் நம் நாட்டு எச்சரிக்கைப் படம் இருக்காது. அது இல்லாத பெட்டியை விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடப்பது தெரிந்தால், மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். நாலு பெட்டி விற்ற லாபம் அதில் எந்த மூலைக்கு?

செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: அறை சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்பனை கிடையாது, சுவரை வெட்டப் போவதில்லை என்று எழுதி, இன்ஜினியரின் குறிப்பையும் இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கிய பிறகு தச்சரை வரச் சொல்லுங்கள்.