பிள்ளைத் துணி

எங்கள் ஊர் மூணாறு பக்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் மலைப்பகுதி இது. எங்கு பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள். நாங்கள் லயத்தில் குடியிருக்கிறோம். லயம் என்றால் ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகள். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு.

என் அக்காவுக்கு எட்டு மாதத்தில் பெண் குழந்தை. அக்கா கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். குழந்தையை அவள் மாமியார் பார்த்துக்கொள்வார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குக் கட்டுவோம். நனைந்த துணிகளை அத்தை குழாயடியில் போட்டு அலசுவார். மலம் இருந்தாலும் அங்கேதான். "பச்சைப் பிள்ளையின் மலம்தானே! அதில் என்ன இருக்கிறது?" என்பார்.

ஆடி மாதம் வந்தது. மழை விடவில்லை. துணி காயவில்லை. அரை ஈரத்தோடு கட்டினோம். எத்தனை முறை அலசினாலும் மூத்திர வாடை போகவில்லை. குழந்தையின் தொடை இடுக்கு சிவந்து புண்ணானது. பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. அதே வாரம் பக்கத்து வீட்டு இரண்டு வயதுப் பையனுக்கும் வயிற்றுப்போக்கு.

நர்ஸம்மா வந்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு, "துணியை எங்கே துவைக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். அத்தை குழாயைக் காட்டினார்.

"குடிக்கிற தண்ணீரும் இதே குழாயில்தானே பிடிக்கிறீர்கள்?"

அத்தைக்குக் கோபம் வந்தது. "நர்ஸம்மா, நான் ஐந்து பெற்றவள். எனக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "மூன்றுதான் தங்கியது. இரண்டும் வயிற்றுப்போக்கில்தான் போனது" என்றார்.

நர்ஸம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. இன்று தெரிந்துகொள்வோம்" என்றார்.

குழந்தையின் மலத்தில் என்ன இருக்கிறது?

பெரியவர்களின் மலத்தைப் போலவே குழந்தையின் மலத்திலும் நோய்க் கிருமிகள் இருக்கலாம். அவை தண்ணீர், கை, ஈ வழியாக மற்றவர் வாய்க்குப் போகும். போலியோவும் இப்படித்தான் பரவியது. சொட்டு மருந்து கொடுத்துக் கொடுத்து அதை விரட்டினோம். 2014-இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு ஆனது. ஆனால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இன்னும் இருக்கின்றன. அவை போகும் வழியை நாம்தான் அடைக்க வேண்டும்.

எப்படித் துவைப்பது?

1. துணியில் உள்ள மலத்தை முதலில் கக்கூசில் தட்டிவிடுங்கள். குழாயடியிலோ ஓடையிலோ அலசாதீர்கள்.

2. ஒரு வாளியில் பச்சைத் தண்ணீர் எடுத்து அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் மலக்கறை துணியில் பிடித்துக்கொள்ளும். அலசிய தண்ணீரைக் கக்கூசில் கொட்டுங்கள்.

3. உடனே துவைக்க முடியாவிட்டால் மூடி போட்ட தனி வாளியில் வையுங்கள். வாளி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. அன்றன்றே துவைத்துவிடுங்கள். மூத்திரத் துணி கிடக்கக் கிடக்க அமோனியா என்ற வாயு உண்டாகும். கண்ணைக் கரிக்கும் அந்த வாடை அதனால்தான்.

4. பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்குங்கள். தினமும் வெந்நீர் வைக்க விறகு இல்லையா? வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களிலாவது துணியைப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

5. நுரை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். துணியில் சோப்புத் தங்கினால் குழந்தையின் தோல் சிவக்கும்.

6. நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் மஞ்சள் கறையை வெளுக்கும். கிருமிகளையும் குறைக்கும். வெயிலுக்குக் காசு இல்லை.

7. கடைசியில் உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இதை மறந்தால் செய்த வேலை வீண்.

பழைய வாடை போகவில்லையா? சலவைச் சோடா கலந்த வெந்நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் நன்றாக அலசுங்கள்.

எச்சரிக்கை: மூத்திரத் துணியில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கெட்ட வாயு வரும். மூச்சு முட்டும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

துணியைப் பல மடிப்பாகப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். காற்று வரும் இடத்தில் கொடி கட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே கட்டாதீர்கள். தீப்பிடிக்கும். இஸ்திரிப் பெட்டி இருந்தால் தேய்த்துக் காய வையுங்கள். அந்தச் சூட்டில் கிருமிகளும் சாகும். மழைக்கு முன்பே கூடுதலாகப் பத்துத் துணி கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியை மட்டும் கட்டாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து அடிக்கடி கொடுங்கள். எவ்வளவு தண்ணீர் என்பது பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். குழந்தை சோர்ந்து போனால், கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் குழந்தை ஒரு வாரத்தில் தேறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனும் தேறிவிட்டான். நோய் அந்தக் குழாயடியில் இருந்துதான் வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே இப்போது யாரும் பிள்ளைத் துணி அலசுவதில்லை. அத்தை விடுவதில்லை!

அத்தை இப்போது எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறார். அன்று பலகையில் 'வாளி', 'மூடி', 'சோப்பு' என்று எழுதினேன். அத்தை மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது மூன்றும் அன்றைக்கே தெரிந்திருந்தால்!" என்றார். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் பிள்ளைத் துணியை எங்கே அலசுகிறீர்கள்? அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

2. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவது ஏன்?

3. துணி துவைக்கும் வேலை பெண்களுக்கு மட்டும்தானா? வீட்டில் வேறு யார் செய்யலாம்?